டெண்டர் மேசையிலிருந்து ப்ரொபோசல் மேனேஜர் பதவிக்கு: நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

கேட்டவர் தஞ்சாவூரைச் சேர்ந்த பெண். துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்துதரும் ஒரு ஃபேப்ரிகேஷன் நிறுவனத்தின் டெண்டர் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். திருச்சியில் இயங்கும் ஒரு மென்பொருள் சேவை நிறுவனம் அவரை ப்ரொபோசல் மேனேஜர், அதாவது ஒப்பந்தம் பெறுவதற்கான முன்மொழிவுகளைத் தயாரிக்கும் வேலையின் பொறுப்பாளர், பதவிக்கான நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. இந்திய அரசுத் துறைகளுக்கும், இங்கிலாந்து, அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கும் அந்த நிறுவனம் முன்மொழிவுகள் அனுப்புகிறது. நேர்காணலுக்குப் பத்து நாட்கள் இருக்கின்றன. "நான் இதுவரை செய்தது டெண்டர் பேப்பர் வேலைதான். மென்பொருள் தெரியாது. ஆங்கிலம் எழுத வரும், பேசத் தயக்கம். எங்கிருந்து தொடங்குவது?" என்பது அவர் கேள்வி.

பல ஆண்டுகள் முன்மொழிவுக் குழுக்களில் இருந்தவன், இந்தப் பதவிக்கு ஆள் எடுக்கும் மேசையின் மறுபக்கத்திலும் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் அனுபவம் இந்த வேலைக்கு நேராகப் பொருந்துகிறது. டெண்டர் அறிவிப்பைப் படித்துத் தகுதி பார்த்தீர்கள்; விலைப்புள்ளி கொடுப்பதற்கு முன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்துக்குச் சந்தேகங்களை எழுதி அனுப்பினீர்கள்; திருத்த அறிவிப்பு வந்ததும் மாற்றங்களைச் சேர்த்தீர்கள்; வடிவமைப்புப் பிரிவிடமும் கணக்குப் பிரிவிடமும் ஓடி ஓடித் தகவல் வாங்கினீர்கள்; தொழில்நுட்பக் கவரும் விலைக் கவரும் தயார்செய்து, டிஜிட்டல் கையொப்பமிட்டு, நேரத்துக்குள் தளத்தில் ஏற்றினீர்கள். மென்பொருள் நிறுவனத்தில் நடப்பதும் இதே வரிசைதான். பொருள் வேறு, பக்கங்கள் அதிகம், எழுத்து வேலை கூடுதல்.

ஆனால் நேர்காணலில் இந்த வரிசையை ஒப்பிப்பதால் வேலை கிடைக்காது. டெண்டர் பிரிவில் இருந்து வருபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறுகிறார்கள். "இத்தனை டெண்டர் போட்டேன், ஒரு தேதியைக்கூடத் தவறவிட்டதில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது நல்ல எக்ஸிகியூட்டிவின் பதில். மேலாளரைத் தேடுகிறவர்கள் காது கொடுப்பது வேறு மூன்று விஷயங்களுக்கு. எதில் கலந்துகொள்ள வேண்டாம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? உங்களுக்குக் கீழ் வேலை செய்யாதவர்களிடமிருந்து எப்படி வேலை வாங்கினீர்கள்? தோற்றபோது என்ன கற்றீர்கள்? இந்த மூன்றுக்கும் உங்கள் ஆறு ஆண்டுகளிலிருந்தே உண்மையான நிகழ்வுகளை எடுத்துவைத்துக்கொண்டால் தயாரிப்பில் பெரும்பகுதி முடிந்தது. பத்து நாளில் அதிக நேரத்தை இதற்கே கொடுங்கள்.

முதல் கேள்வி, அதாவது கலந்துகொள்வதா விடுவதா என்ற முடிவு. முன்மொழிவு தயாரிக்க ஆகும் செலவு கண்ணுக்குத் தெரியாது. மூன்று பொறியாளர்கள் இரண்டு வாரம் உட்கார்ந்தால், அந்த நாட்களுக்கான சம்பளம் கிடைக்க வாய்ப்பில்லாத ஒப்பந்தத்தில் கரைகிறது. அதே இரண்டு வாரத்தில் கிடைக்கக்கூடிய இன்னொன்று அரைகுறையாகப் போகிறது. இதை உணர்ந்தவர் என்று காட்டுங்கள். உங்கள் தொழிலிலேயே சான்று இருக்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002இல் பணி ஒப்பந்தங்களுக்கு வகுத்த தகுதி அளவுகோல் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி டர்ன்ஓவர் மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது 30 சதவீதம், கடந்த ஏழு ஆண்டுகளில் அதே வகைப் பணி 40 சதவீத மதிப்பில் மூன்று, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று. "டெண்டர் வந்ததும் முதலில் இந்தக் கணக்கைப் போடுவேன்" என்று சொல்வது தொடக்கம் மட்டுமே. அதற்கு மேல் போக வேண்டும். தகுதி இருந்தும் நீங்கள் வேண்டாம் என்று சொன்ன, அல்லது சொல்லியிருக்க வேண்டும் என்று முதலாளியிடம் வாதாடிய ஒரு டெண்டரை எடுத்துச் சொல்லுங்கள். டெலிவரி காலம் நடைமுறைக்கு ஒவ்வாததாக இருந்திருக்கலாம். தாமத அபராத விதி கடுமையாக இருந்திருக்கலாம். ஒரே ஒரு நிறுவனத்தின் பொருளை மனத்தில் வைத்து எழுதியது போல விவரக்குறிப்பு இருந்திருக்கலாம். போட்டியாளர்கள் விலையைக் குறைத்துக்கொண்டே போகும் ரிவர்ஸ் ஏலத்தில் விலை எங்கே போய் நிற்கும் என்று முன்பே தெரிந்திருக்கலாம். யாரிடம், என்ன எண்களை வைத்துப் பேசினீர்கள், முடிவு என்ன ஆனது என்று மூன்று நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். உங்கள் பேச்சைக் கேட்காமல் நிறுவனம் கலந்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை. சிந்தித்த விதம்தான் கவனிக்கப்படும்.

இங்கே ஒரு கணக்கைக் கட்டாயம் கற்றுக்கொண்டு போங்கள். ஃபேப்ரிகேஷன் டெண்டர்களில் தகுதி பெற்றவர்களுள் குறைந்த விலை கொடுத்த எல்-1 நிறுவனத்துக்கே ஆர்டர் என்று பழகியிருப்பீர்கள். மென்பொருள், ஆலோசனைப் பணிகளில் தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மதிப்பெண் போடும் முறை அடிக்கடி வரும், க்யூ.சி.பி.எஸ். என்பார்கள். ஓர் எடுத்துக்காட்டு: முதல் நிறுவனத்துக்குத் தொழில்நுட்ப மதிப்பெண் 90, விலை 1.2 கோடி. இரண்டாவதற்கு 75, விலை 1 கோடி. தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று எடை இருந்தால், முதலாவதற்குத் தரத்தில் 63 கிடைக்கும். விலையில், இருப்பதிலேயே குறைந்த விலையான 1ஐ 1.2ஆல் வகுத்து 30ஆல் பெருக்கினால் 25, மொத்தம் 88. இரண்டாவதற்கு 52.5, முழு 30, மொத்தம் 82.5. விலை கூடிய முதல் நிறுவனம் வெல்கிறது. எடையைத் திருப்பி, தரத்துக்கு 30, விலைக்கு 70 என்று வைத்துப் பாருங்கள். முதலாவதற்கு 27உம் 58.33உம் சேர்ந்து 85.33, இரண்டாவதற்கு 22.5உம் 70உம் சேர்ந்து 92.5. அதே இரண்டு நிறுவனங்கள், அதே விலைகள், முடிவு தலைகீழ்.

இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் நேர்காணலில் பல கேள்விகளுக்கு உங்கள் பதில் ஆழமாகிவிடும். எந்தப் பகுதிக்கு அதிக நேரம் செலவிடுவீர்கள் என்று கேட்டால், "மதிப்பெண் அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்வேன்; 5 மதிப்பெண் பகுதிக்கு 40 பக்கம் எழுத மாட்டேன்" என்று சொல்ல வரும். விலையைக் குறைப்பதா, அனுபவமுள்ள திட்ட மேலாளரின் பெயரைச் சேர்ப்பதா என்ற விவாதம் வந்தால், ஒவ்வொன்றும் எத்தனை மதிப்பெண் தரும் என்று பேச வரும். மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்முதல் வழிகாட்டுதலில், ஆலோசனை அல்லாத சேவைகளுக்கும் பணிகளுக்கும் இந்த முறையைப் பயன்படுத்த வழி செய்து, தரத்துக்கான எடை 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. எந்த வகைக் கொள்முதல் என்பதைப் பொறுத்து எடை மாறும் என்று தெரிந்தவராகப் பேச இந்த ஒரு செய்தி போதும்.

அடுத்தது, ஆட்களிடம் வேலை வாங்குவது. "தொழில்நுட்பப் பிரிவினர் நேரத்துக்குத் தகவல் தராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி வராத நேர்காணலை நான் பார்த்ததில்லை. "மேலதிகாரியிடம் சொல்வேன்", "தினமும் நினைவூட்டுவேன்" என்பவை பலவீனமான பதில்கள். ப்ரொபோசல் மேனேஜருக்குப் பொறுப்பு முழுவதும் உண்டு, அதிகாரம் கொஞ்சமும் கிடையாது. வெல்டிங் பொறியாளரிடம் "செயல்முறை விளக்கம் எழுதிக் கொடுங்கள்" என்றால் அவருக்கு அது பத்தாவது வேலை. நீங்களே பழைய டெண்டரிலிருந்து ஒரு பக்கம் எழுதி, தெரியாத இடங்களைக் காலியாக விட்டு, "இதில் என்ன தவறு என்று மட்டும் பாருங்கள்" என்று எடுத்துப்போனால் பத்து நிமிடத்தில் திருத்தித் தருவார். எழுதச் சொன்னால் தள்ளிப்போடுகிறவர்கள், தவறாக எழுதியதைப் பார்த்தால் திருத்தாமல் விடமாட்டார்கள். நீங்கள் இப்படி ஏதாவது ஒரு வழியைக் கண்டுபிடித்து வைத்திருப்பீர்கள். ஆறு ஆண்டு தாக்குப்பிடித்ததே அதற்குச் சாட்சி. ஆளின் பெயர் வேண்டாம், பதவியைச் சொல்லி, நடந்ததைச் சொல்லுங்கள். அவரைக் குறை கூறும் தொனி வேண்டவே வேண்டாம். அவருடைய நாள் எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டுதான் வழி கண்டேன் என்று தெரிய வேண்டும்.

மூன்றாவது, தோல்வி. "விலையில் தோற்றோம்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எத்தனை சதவீத வித்தியாசம்? அது எங்கிருந்து வந்தது? கேட்காத தரத்தில் மூலப்பொருளைச் சேர்த்தோமா, சரக்குக் கட்டணத்தை இரண்டு முறை கணக்கிட்டோமா, பணம் செலுத்தும் நிபந்தனையில் விலகல் கேட்டதால் மதிப்பீட்டின்போது நம் விலையோடு கூடுதல் தொகை ஏற்றப்பட்டதா? பொதுத்துறை டெண்டர்களில் இந்த லோடிங் விஷயம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். மென்பொருள் பக்கத்தில் இருப்பவர்களுள் பலருக்குத் தெரியாது. விலைப்புள்ளி ஒப்பீட்டு அட்டவணையை வைத்து அடுத்த முறை எதை மாற்றினீர்கள் என்று முடிக்கும்போது, தோல்வியைப் பற்றிய பேச்சு உங்கள் பலத்தைப் பற்றியதாகிவிடும்.

வெற்றி விகிதத்தைக் கட்டாயம் கேட்பார்கள். உங்கள் பதிவேட்டை வைத்து இப்போதே கணக்கிடுங்கள், நினைவிலிருந்து சொல்லாதீர்கள். எண்ணிக்கையில் ஒன்று, மதிப்பில் ஒன்று என்று இரண்டும் வேண்டும். இரண்டும் வெகுவாக வேறுபடலாம், அந்த வேறுபாட்டுக்கே காரணம் கேட்பார்கள். ரத்தான டெண்டர்களைச் சேர்த்தீர்களா விட்டீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். எண் சிறியதாக இருந்தாலும் எப்படி வந்தது என்று விளக்குபவரை நம்பலாம். பத்துக்கு எட்டு என்று மிதப்பாகச் சொல்பவரிடம் நான் அடுத்ததாகக் கேட்பது, "எத்தனையை விட்டீர்கள்?" என்பதைத்தான்.

இனிப் படிப்பு. மென்பொருள் கற்க பத்து நாள் போதாது, தேவையும் இல்லை. அந்த நிறுவனம் விற்கும் இரண்டு சேவைகளை மட்டும் எடுத்து, அதை யார் வாங்குகிறார்கள், எந்தச் சிரமத்துக்காக வாங்குகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். க்ளவுட், தரவு இடமாற்றம், பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேவை அளவு உறுதி, தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 சான்று போன்ற சில சொற்கள் டெண்டர் ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும். அவை என்ன என்று ஒரு பத்தி அளவுக்குத் தெரிந்தால் போதும். தெரியாததைக் கேட்டால், "இது எனக்குப் புதிது, எங்கள் தொழிலில் பாய்லர் ஒழுங்குமுறை விதிகளும் எனக்கு ஒருகாலத்தில் புதிதாகத்தான் இருந்தன, பொறியாளர்களிடம் கேட்டுக் கற்றேன்" என்று நேராகச் சொல்லலாம்.

படிப்பைவிடப் பயன்தருவது ஒரு முழுப் பயிற்சி. தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்திலோ மத்திய பொதுக் கொள்முதல் தளத்திலோ மென்பொருள் தொடர்பான ஆர்.எஃப்.பி., அதாவது முன்மொழிவு கேட்கும் ஆவணம், ஒன்றைத் தேடி எடுங்கள். நூறு பக்கத்துக்கு மேல் இருக்கட்டும். அதற்கு நீங்கள்தான் மேலாளர் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்து பாருங்கள். படிக்கும் வரிசை முக்கியம்: முதலில் மதிப்பீட்டு முறை, பிறகு தகுதி, பிறகு தேதிகள், பிறகு ஒப்பந்த நிபந்தனைகள், கடைசியாகத்தான் பணியின் விவரம். பெரும்பாலோர் முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, மதிப்பெண் அட்டவணைக்கு வருவதற்குள் களைத்துப்போகிறார்கள். பிறகு இணக்க அட்டவணை ஒன்று போடுங்கள். விதி எண், பக்கம், கேட்கப்பட்டது என்ன, கட்டாயமா விருப்பமா, நம் முன்மொழிவில் எங்கே பதில் வரும், யார் எழுதுவார், எந்தத் தேதிக்குள் என்று நிரல்கள் இருக்கட்டும். ஒரே நிபந்தனை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கட்டாயம் கண்டுபிடிப்பீர்கள். பெரிய ஆவணங்களில் அது சாதாரணம். அவற்றை வைத்து ஐந்து ப்ரீ-பிட் கேள்விகள் எழுதுங்கள். நம் உத்தியைப் போட்டியாளருக்குக் காட்டிக்கொடுக்காதபடி கேள்வியை அமைக்க வேண்டும். பதில்கள் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வெளியாகும். கடைசியாக ஒரு பக்கத்தில் நிர்வாகச் சுருக்கம்.

இந்தப் பயிற்சியின் தாள்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எழுத்து மாதிரி காட்டச் சொன்னால் இதைக் காட்டலாம். இப்போதைய நிறுவனத்தின் உண்மையான டெண்டர் கோப்பை எந்தக் காரணம் கொண்டும் காட்டாதீர்கள், பெயரை அழித்துவிட்டும் காட்டாதீர்கள். உங்கள் முதலாளியின் விலையையும் வடிவமைப்பையும் வெளியாரிடம் காட்டுபவர் நாளை எங்களுடையதையும் காட்டுவார் என்று எதிரே இருப்பவர் நினைப்பது நியாயம். சில குழுக்கள் அதைச் சோதிப்பதற்காகவே மாதிரி கேட்கின்றன. "அது ரகசியம், பொது ஆர்.எஃப்.பி. ஒன்றுக்கு நானே தயாரித்தது இது" என்று நீட்டினால் உங்கள் மதிப்பு அந்த இடத்திலேயே உயரும். நேர்காணல் நாளில் ஓர் ஆவணத்தைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் பதில் திட்டம் கேட்கும் தேர்வு வைத்தாலும், இதே பயிற்சிதான் கைகொடுக்கும்.

நிர்வாகச் சுருக்கம் எழுதும்போது, வாங்குபவரின் கவலை எது என்று தேடுங்கள். நம் ஊர் விஷயத்தை வைத்தே சொல்கிறேன். டெல்டாவில் தூர்வாரும் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணிகள் விலையை வைத்தே கொடுக்கப்படுகின்றன, சுருக்கம் எழுதியெல்லாம் வெல்ல முடியாது. ஆனாலும் சிந்தனைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆவணத்தில் கன மீட்டர் கணக்கு இருக்கும், இயந்திரங்களின் பட்டியல் இருக்கும். பொறுப்பிலுள்ள பொறியாளரைத் தூங்கவிடாமல் செய்வதோ ஜூன் 12. மேட்டூர் அணை வழக்கப்படி அன்று திறந்துவிட்டால், சில நாட்களில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்துவிடும். ஆற்றுக்குள் பொக்லைன் நிற்க முடியாது, குறுவைக்கு நாற்றங்கால் விட்டவர்கள் காத்திருக்க மாட்டார்கள். "எங்களிடம் இத்தனை இயந்திரங்கள் உள்ளன" என்று தொடங்கும் பக்கமும், "எந்தப் பகுதி எந்தத் தேதிக்குள் முடியும், மழையால் நாட்கள் போனால் அதை எப்படி ஈடுகட்டுவோம்" என்று தொடங்கும் பக்கமும் அவரிடம் ஒரே மாதிரி போய்ச் சேராது. நீங்கள் எடுத்த மென்பொருள் ஆர்.எஃப்.பி.யிலும் இப்படி ஒரு ஜூன் 12 எங்கோ இருக்கும். பழைய அமைப்பின் பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் தேதி, தணிக்கையில் எழுந்த ஆட்சேபம், சட்டத்திருத்தம் அமலுக்கு வரும் நாள் என்று ஏதாவது ஒன்று. அதைக் கண்டுபிடித்து முதல் பத்தியில் வையுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் பகுதியைச் சுருக்கமாகப் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்க மத்திய அரசின் ஆவணங்களில் எல் என்ற பிரிவு எப்படி எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும் என்றும், எம் என்ற பிரிவு எப்படி மதிப்பிடுவார்கள் என்றும் சொல்லும். முன்மொழிவின் அமைப்பு இந்த இரண்டிலிருந்தும் பிறக்கிறது. இங்கிலாந்தின் பொதுக் கொள்முதலில் பெரும்பாலும் கேள்வி கேள்வியாகப் பதில் எழுத வேண்டும், ஒவ்வொரு பதிலுக்கும் சொல் வரம்பும் மதிப்பெண்ணும் உண்டு, சமூகப் பயனுக்குத் தனி மதிப்பெண் ஒதுக்குவதும் வழக்கம். அங்கே 2023ஆம் ஆண்டின் கொள்முதல் சட்டம் 2025 பிப்ரவரி 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கான சர்வதேச அமைப்பு ஏ.பி.எம்.பி.; 1989இல் தொடங்கியது. ஃபவுண்டேஷன், ப்ராக்டிஷனர், ப்ரொஃபெஷனல் என்று சான்றிதழ் நிலைகள் உண்டு. பத்து நாளில் சான்றிதழுக்கு அலைய வேண்டாம். ஃபவுண்டேஷன் எழுதத் திட்டமிருந்தால் அதைச் சொல்லலாம்.

இந்தத் துறையில் பிங்க் டீம், ரெட் டீம், கோல்டு டீம் என்று நிறங்களின் பெயரில் மறுஆய்வுகள் நடக்கும். எழுத்து இன்னும் வளராத நிலையில் அமைப்பும் உத்தியும் சரியா என்று பார்ப்பது பிங்க். ஏறக்குறைய முழுமையான வரைவை மதிப்பீட்டாளரின் கண்ணோடு படித்து மதிப்பெண் போடுவது ரெட். தலைமையின் இறுதி ஒப்புதல் கோல்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு வேறுபாடுகள் இருக்கும். உங்கள் நிறுவனத்தில் எம்.டி. கடைசி நாள் மாலை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்ததும் ஒரு வகை மறுஆய்வுதான்; ஆனால் கடைசி நாளில் கண்ட குறையைத் திருத்த நேரம் இருக்காது. மறுஆய்வை முன்கூட்டியே நடத்த நீங்கள் எடுத்த முயற்சி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

நேரத்தைப் பற்றிய கேள்வியில் டெல்டாக்காரர்களுக்கு ஒரு பலம் உண்டு. மின்-கொள்முதல் தளங்களில் சர்வரின் கடிகாரம்தான் நேரம். ஒரு நிமிடம் பிந்தினாலும் தளம் மூடிக்கொள்ளும். "சமர்ப்பிக்கும் நாளில் எதிர்பாராத தடங்கல் வந்தால்?" என்று கேட்பார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களின் பல பகுதிகள் எத்தனை நாள் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் கிடந்தன என்பது நமக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் தேதி விழும் எந்த முன்மொழிவுக்கும் நாம் இயல்பாகவே மாற்று ஏற்பாடு யோசிப்போம். வேறு ஊரில் இருக்கும் அலுவலகத்திலும் பதிவுசெய்து தயாராக ஒரு டிஜிட்டல் கையொப்பம், முந்தைய நாளே ஏற்றி முடிப்பது, கோப்பின் அளவு வரம்பை முன்பே சோதிப்பது, வங்கி உத்தரவாதத்தின் அசல் போய்ச் சேர வேண்டிய நாளைத் தனியாகக் குறித்துவைப்பது, கையொப்பச் சான்று காலாவதியாகும் தேதியைப் பார்ப்பது என்று உங்கள் வழக்கத்தை அப்படியே சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். பயன்படுத்த மாட்டேன் என்பதும் தவறு, எல்லாவற்றையும் அதுவே எழுதும் என்பதும் தவறு. நீண்ட ஆவணத்திலிருந்து நிபந்தனைகளைப் பிரித்தெடுக்க, முதல் வரைவு போட, நீளத்தைக் குறைக்க உதவும். வாடிக்கையாளரின் ரகசிய ஆவணத்தை நிறுவனம் அனுமதிக்காத கருவியில் ஏற்றக் கூடாது. முடித்த திட்டங்கள், சான்றுகள், எண்கள் ஆகியவற்றை மூல ஆவணத்தோடு ஒப்பிடாமல் விடக் கூடாது. அரசு டெண்டரில் பொய்யான தகவல் கொடுத்தால் நிறுவனத்தையே தடைப்பட்டியலில் சேர்க்க வழியுண்டு. கருவி எழுதியது என்று அங்கே சொல்லித் தப்ப முடியாது.

ஆங்கிலத்தைப் பற்றி. உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. தமிழ்வழியில் படித்து, அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்கி வந்த எத்தனையோ திறமைசாலிகள் இதே தயக்கத்தால் பாதிக் குரலில் பேசி வாய்ப்பை இழந்ததைக் கண்டு வருந்தியிருக்கிறேன். பொதுவாக ஆங்கிலம் பேசிப் பழகுவதில் பத்து நாளைச் செலவிடாதீர்கள். மேலே சொன்ன மூன்று நிகழ்வுகளையும், உங்களைப் பற்றிய ஒரு நிமிட அறிமுகத்தையும் மட்டும் எடுத்து, குறுகிய வாக்கியங்களில் தினமும் சத்தமாகச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். மனப்பாடம் செய்யாதீர்கள், நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, செய்தது என்ன, விளைவு என்ன என்ற வரிசை மட்டும் நினைவில் இருக்கட்டும். மெதுவாகப் பேசுவது குறையல்ல. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்கு அவசரமாகப் பேசுபவரைவிடத் தெளிவாகப் பேசுபவரே ஏற்றவர். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். சந்தேகத்தைக் கேட்டுத் தீர்த்துக்கொள்வது இந்த வேலையின் பாதி.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இதை வீணாக்காதீர்கள். கலந்துகொள்வதா வேண்டாமா என்ற இறுதி முடிவு யாருடையது, அதில் ப்ரொபோசல் மேனேஜரின் குரலுக்கு இடம் உண்டா? ஒரே நேரத்தில் ஒருவர் எத்தனை முன்மொழிவுகளைக் கவனிக்கிறார்? விலையை யார் நிர்ணயிக்கிறார்கள்? பழைய பதில்களின் தொகுப்பு பராமரிக்கப்படுகிறதா? அமெரிக்க வாடிக்கையாளருக்கான தேதி என்றால் இரவு வேலை எவ்வளவு அடிக்கடி வரும், தஞ்சாவூருக்குத் திரும்ப வண்டி வசதி உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். துவாக்குடி வரை பகலில் போய்வருவதும், நள்ளிரவில் திருச்சியிலிருந்து வீடு திரும்புவதும் ஒன்றல்ல. சேர்ந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது இரு தரப்புக்கும் நல்லது. இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் மழுப்பினால், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளப் பேச்சு வந்தால், இப்போது வாங்குவதோடு ஒரு சதவீதத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஃபேப்ரிகேஷன் சிறுதொழிலின் சம்பளமும் மென்பொருள் நிறுவனத்தின் சம்பளமும் வேறு வேறு தளத்தில் இருப்பவை. பழையதை அடிப்படையாக வைத்தால் பல ஆண்டுகளுக்குப் பின்தங்குவீர்கள். திருச்சியில் இதே பதவியில் இருப்பவர்கள் ஓரிருவரிடம் முன்பே விசாரித்து ஒரு வரம்பைத் தெரிந்துகொண்டு, "இந்தப் பொறுப்புக்கு உங்கள் நிறுவனம் ஒதுக்கியிருப்பது என்ன?" என்று முதலில் கேளுங்கள். அவர்கள் எண்ணைச் சொன்ன பிறகு நீங்கள் உங்கள் வரம்பைச் சொல்லலாம். அன்று மாலையே நன்றி சொல்லி ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நேர்காணலில் அரைகுறையாகப் பதில் சொன்ன கேள்வி ஏதாவது இருந்தால், முழுப் பதிலை அதில் நான்கு வரிகளில் எழுதலாம்.